‘ஆர் யூ பீயிங் செர்வ்ட்?’ தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் இந்தத் தொடரைப் பற்றி ஒரே மாதிரியான சில கேள்விகளைக் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

இது எதைப் பற்றிய தொடர்?

லண்டனில் கிரேஸ் பிரதர்ஸ் என்று ஒரு பெரிய கடை. கற்பனைக் கடைதான். பல மாடி, லிஃப்ட், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பிரிவு என்று பழைய பாணி டிபார்ட்மென்ட் ஸ்டோர். அதில் ஒரே ஒரு தளத்தில், ஆண்களுக்கான ரெடிமேட் உடைப் பிரிவிலும் பெண்கள் உடைப் பிரிவிலும் வேலை பார்க்கிற ஏழெட்டுப் பேரின் கதை இது. வயதில், வளர்ப்பில், பேச்சில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகாது. ஆனாலும் காலை முதல் மாலை வரை ஒரே தளத்தில் நின்றாக வேண்டும்.

பிபிசி இதை 1972 முதல் 1985 வரை ஒளிபரப்பியது. மொத்தம் 10 சீசன், 69 எபிசோடு, ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். எழுதியவர்கள் ஜெரமி லாயிடும் டேவிட் க்ராஃப்டும். ‘உங்களை யாராவது கவனிக்கிறார்களா?’ என்று கடைக்குள் வருகிறவரிடம் விற்பனையாளர் கேட்கிற வழக்கமான கேள்விதான் தலைப்பு.

இந்தக் கடை யாருடைய யோசனை?

ஜெரமி லாயிடுடையது. 1950களின் தொடக்கத்தில் அவர் லண்டன் பிக்கடில்லியில் இருந்த சிம்ப்சன்ஸ் என்ற துணிக்கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே பார்த்த மனிதர்களும் விதிகளும் அவர் மனதில் தங்கிவிட்டன. இருபது வருடம் கழித்து அதைத் தொடராக எழுத நினைத்தபோது க்ராஃப்ட் கூட்டுச் சேர்ந்தார். க்ராஃப்ட் அதற்கு முன்பே ‘டாட்’ஸ் ஆர்மி’ என்ற தொடரை ஜிம்மி பெர்ரியோடு சேர்ந்து எழுதிப் புகழ் பெற்றவர். நிறைய பாத்திரங்களை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் சமமாகச் சிரிப்பைப் பங்கிட்டுக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இதே ஜோடிதான் பிறகு ‘’அலோ ’அலோ!’ தொடரையும் எழுதியது.

தொடரில் ஹம்ஃப்ரீஸ் என்ற விற்பனையாளராக நடித்த ஜான் இன்மனும் துணிக்கடையில் வேலை பார்த்தவர்தான். பதினேழு வயதில் லண்டனுக்கு வந்து ஆஸ்டின் ரீட் கடையில் ஜன்னல் அலங்காரம் செய்தார். அவர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டிருக்கிற விதத்தையும், ஒரு கோட்டை எடுத்து வாடிக்கையாளருக்கு மாட்டிவிடுகிற விதத்தையும் கவனித்துப் பாருங்கள். பழக்கப்பட்ட கை அது.

யார் யார் வேலை செய்கிறார்கள்?

மேலிருந்து வருவோம். உச்சியில் முதலாளி, ‘இளைய’ மிஸ்டர் கிரேஸ். பெயர்தான் இளையவர். ஆள் நடக்கவே முடியாத முதியவர், பக்கத்தில் எப்போதும் ஒரு நர்ஸ். ஹெரால்ட் பென்னட் நடித்தார். எபிசோடு முடிகிற நேரத்தில் வந்து, நடந்த குழப்பம் எதுவும் தெரியாமல், ‘எல்லாரும் மிக நன்றாகச் செய்தீர்கள்’ என்று பாராட்டிவிட்டுப் போவார். ஊழியர்கள் வரிசையாக நின்று பள்ளிப் பிள்ளைகள் போல ஒரே குரலில் நன்றி சொல்வார்கள்.

அவருக்குக் கீழே மேனேஜர் ரம்போல்ட், நிக்கலஸ் ஸ்மித். பெரிய காதுகள், ஆனால் சொன்னது எதுவும் சரியாக ஏறாது. அவருக்கும் கீழே தள மேற்பார்வையாளர் கேப்டன் பீகாக், ஃப்ராங்க் தார்ன்டன். கோட்டில் பூ, நிமிர்ந்த முதுகு, ராணுவப் பட்டம். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமெலை எதிர்த்துப் போரிட்டதாகச் சொல்லிக்கொள்வார். கூட வேலை செய்கிறவர்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

ஆண்கள் பிரிவில் மூத்தவர் கிரெய்ஞ்சர் (ஆர்தர் ப்ரா), அடுத்து ஹம்ஃப்ரீஸ், கடைசியாக இளைஞர் லூகஸ் (ட்ரெவர் பேனிஸ்டர்). பெண்கள் பிரிவில் மிஸஸ் ஸ்லோகோம் (மோலி சக்டன்), அவருக்கு உதவியாளர் மிஸ் பிராம்ஸ் (வெண்டி ரிச்சர்ட்). அப்புறம் சாமான் தூக்கி வருகிற மாஷ். நான்காவது சீசனில் அவர் இடத்துக்கு ஹார்மன் வந்தார்.

இதில் அப்படி என்ன சிரிப்பு? இரட்டை அர்த்த வசனங்கள்தானே?

இரட்டை அர்த்தம் நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. மிஸஸ் ஸ்லோகோம் தன் பூனையைப் பற்றி வெகுளியாகப் பேசுகிற ஒவ்வொரு வசனத்துக்கும் அரங்கம் அதிரும். பூனைக்கு அவர் சொல்கிற செல்லச் சொல்லுக்கு ஆங்கிலக் கொச்சையில் வேறு பொருள் உண்டு, ஆனால் அது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் தொடரை இதோடு நிறுத்தி மதிப்பிடுகிறவர்கள் அதன் சாரத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். தொடரைத் தாங்கி நிற்பது பதவி. யார் பெரியவர், யார் சின்னவர், யாருக்கு எது அனுமதி என்கிற ஓயாத கணக்கு.

ஒரு வாடிக்கையாளர் உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீகாக் வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்பார். கால்சட்டை என்பார் அவர். பீகாக் தானாக எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார், அது அவர் வேலை இல்லை. ‘மிஸ்டர் கிரெய்ஞ்சர், உங்களுக்கு நேரம் இருக்கிறதா?’ என்று கேட்பார். தளத்தில் ஈ, காக்கை இருக்காது. இருந்தாலும் கிரெய்ஞ்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவருக்கு மனமில்லை என்றால் கேள்வி ஹம்ஃப்ரீஸுக்கு இறங்கும். ஹம்ஃப்ரீஸும் வேலையாக இருந்தால்தான் லூகஸ் வரைக்கும் வரும். இரண்டடி தூரத்தில் சும்மா நிற்கிற இளைஞர் நேராகப் போய் உதவிவிட முடியாது, விற்பனையில் கமிஷன் உண்டே. மூத்தவரைத் தாண்டினால் மரியாதைக் குறைவு மட்டுமில்லை, பணமும் போகும். வாடிக்கையாளர் நின்றுகொண்டே இருப்பார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, மிஸ்டர், மிஸஸ், மிஸ் என்றுதான் அழைப்பு. கேண்டீனில் உட்காரும்போதும் இது மாறாது. சாமான் தூக்குகிறவர் வியாபார நேரத்தில் தளத்துக்குள் வரக்கூடாது. மாஷ் வேண்டுமென்றே அந்த நேரத்தில் வருவார். பீகாக் விரட்டுவார், மாஷ் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். கடையிலேயே கீழ்நிலையில் இருப்பவர் அவர். ஆனால் பயப்படாமல் பேசுகிறவரும் அவர் ஒருவர்தான்.

1977-இல் வந்த ‘தி ஓல்ட் ஆர்டர் சேஞ்சஸ்’ எபிசோடு இதை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. முதலாளி அமெரிக்கா போய்விட்டு வருகிறார். இனி எல்லாரும் முதல் பெயரில் அழைத்துக்கொள்ள வேண்டும், உடையும் சாதாரணமாக இருக்கலாம் என்று உத்தரவு வருகிறது. விடுதலை கிடைத்த மாதிரி மகிழ வேண்டியவர்கள் தவித்துப்போகிறார்கள். தங்களை அடக்கி வைத்த அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அத்தனை வருடம் நின்றிருந்தார்கள். இந்த எபிசோடில் சிரித்துக்கொண்டே அவர்கள் மேல் இரக்கமும் வரும். என்னைக் கேட்டால் தொடரின் இதயம் இங்கேதான் இருக்கிறது.

‘ஐ’ம் ஃப்ரீ!’ ஏன் அவ்வளவு பிரபலம்?

‘உங்களுக்கு நேரம் இருக்கிறதா?’ என்று பீகாக் கேட்கிற கேள்விக்கு ‘நான் சும்மாதான் இருக்கிறேன்!’ என்று ஹம்ஃப்ரீஸ் சொல்கிற பதில் அது. கிரெய்ஞ்சர் முனகலாகச் சொல்வதை ஹம்ஃப்ரீஸ் உச்ச ஸ்தாயியில், ராகம் போட்டுச் சொல்வார். பிரிட்டனில் தெருவில் இன்மனைப் பார்த்தவர்கள் எல்லாம் அவரை நோக்கி இதையே கத்துவார்களாம். மிஸஸ் ஸ்லோகோமுக்கும் இப்படி ஒன்று உண்டு. தன் கருத்தைச் சொல்லிவிட்டு, ‘இதில் நான் ஏகமனதாக இருக்கிறேன்’ என்று முடிப்பார். தனி ஒருவர் ஏகமனதாக இருப்பதை மோலி சக்டன் அவ்வளவு கம்பீரமாகச் சொல்வார்.

கிரெய்ஞ்சருடைய தந்திரமும் மறக்க முடியாதது. சட்டைக் கை நீளமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் குறை சொன்னால், போடப் போட மேலே ஏறிவிடும் என்பார். கடைசிவரை அளவெடுத்தது போல ஒரு துணியும் யாருக்கும் பொருந்தாது.

ஹம்ஃப்ரீஸ் தன்பாலீர்ப்பாளரா? அந்தப் பாத்திரம் கேலியா?

தொடர் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. அம்மாவோடு வாழ்கிறவர், அவ்வளவுதான் என்பது எழுதியவர்களும் இன்மனும் சொன்ன விளக்கம். ஆனால் நடை, குரல், வார இறுதி பற்றி அவர் சொல்கிற கதைகள் எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமில்லை என்று சட்டம் திருத்தப்பட்டது 1967-இல். ஐந்தே வருடத்தில் இப்படி ஒரு பாத்திரம் குடும்பங்கள் சேர்ந்து பார்க்கிற நேரத்தில் வந்தது. இரண்டு பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. பிபிசி மேலிடத்தில் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடச் சொன்னார்கள் என்றும், அவர் இல்லையென்றால் தானும் இல்லை என்று தான் மறுத்துவிட்டதாகவும் க்ராஃப்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம் தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தினர், இது எங்களைக் கேலிப்பொருளாக்குகிறது என்று இன்மனின் நிகழ்ச்சிக்கு வெளியே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. நெளிந்து நடக்கிற ஒரே ஒரு பிம்பம்தான் திரையில் கிடைக்கிறது என்றால், அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது சுமைதான்.

ஆனாலும் எபிசோடுகளை வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அந்தத் தளத்தில் தன்னைப் பற்றி வெட்கப்படாதவர் ஹம்ஃப்ரீஸ் ஒருவர்தான். பீகாக் போர்க்கதையின் பின்னால் ஒளிகிறார், மிஸஸ் ஸ்லோகோம் பெரிய இடத்து உச்சரிப்பின் பின்னால் ஒளிகிறார். ஹம்ஃப்ரீஸ் ஒளிவதில்லை. சக ஊழியர்கள் அவரை வெறுப்பதில்லை, ஒதுக்குவதில்லை. மிஸஸ் ஸ்லோகோம் மனம்விட்டுப் பேசுவது அவரிடம்தான். 1976-இல் இன்மன் பிபிசியின் அந்த ஆண்டுக்கான தொலைக்காட்சிப் பிரமுகராகத் தேர்வானார். 2005 டிசம்பரில், தன்பாலினத் துணைவர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வழி செய்த சிவில் பார்ட்னர்ஷிப் சட்டம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த அந்த மாதமே, முப்பது வருடத்துக்கும் மேலான தன் துணைவரோடு பதிவு செய்துகொண்டார். 2007 மார்ச்சில் இறந்தார்.

மிஸஸ் ஸ்லோகோமின் தலைமுடி ஏன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறம்?

அது பாத்திரத்தின் அங்கம். ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று மாறிக்கொண்டே இருக்கும், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். தொடக்கத்தில் மோலி சக்டன் சொந்த முடிக்கே சாயம் போட்டுக்கொண்டார், பிறகு விக்குக்கு மாறினார். அவர் பேச்சையும் கவனியுங்கள். வாடிக்கையாளரிடம் மேட்டுக்குடி உச்சரிப்பு, கோபம் வந்தால் ஒரே நொடியில் வட இங்கிலாந்துப் பேச்சு. சக்டன் யார்க்‌ஷயரில் பிறந்தவர், அதனால் அந்த இறக்கம் அவருக்கு இயல்பாக வந்தது. நடிப்பில் அவர்தான் இந்தத் தொடரின் மிகப் பெரிய ஆள் என்பேன்.

முதலில் எப்படி ஒளிபரப்பானது? உடனே வெற்றியா?

இல்லை. 1972-இல் ‘காமெடி ப்ளேஹவுஸ்’ என்ற வரிசைக்காக ஒரு மாதிரி எபிசோடு எடுத்தார்கள். பெண்கள் பிரிவை ஆண்கள் தளத்துக்கு மாற்றுகிறார்கள், இடத்துக்காகச் சண்டை, இதுதான் கதை. அதை பிபிசி அவசரம் காட்டாமல் வைத்திருந்தது. செப்டம்பரில் ம்யூனிக் ஒலிம்பிக்ஸில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்ட பயங்கரத்தால் விளையாட்டு ஒளிபரப்பு நின்றது. அந்தக் காலி நேரத்தை நிரப்ப, செப்டம்பர் 8-ஆம் தேதி இதைப் போட்டார்கள். 1973 மார்ச்சில் முதல் சீசன் வந்தபோது எதிரே போட்டிச் சேனலான ஐடிவியில் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ என்ற புகழ்பெற்ற தொடர் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. அதே எபிசோடுகளை மறு ஒளிபரப்பு செய்தபோதுதான் கூட்டம் சேர்ந்தது. உச்சத்தில், 1979-இல், சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அந்த முதல் எபிசோடின் நிறம் ஏன் கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது?

வண்ணத்தில் எடுத்த மூல வீடியோ அழிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் பிரதி மட்டும் மிஞ்சியது. வண்ண சமிக்ஞையின் தடயம் அந்தச் சுருளில் மிக நுண்ணிய புள்ளிகளாகப் பதிந்திருந்தது. அந்தப் புள்ளிகளைக் கணினியில் படித்து நிறத்தை மீட்டார்கள். 2010 ஜனவரி 1 அன்று அது மறுபடியும் வண்ணத்தில் ஒளிபரப்பானது.

தொடக்க இசையில் கேட்கிற சத்தம் என்ன?

கல்லாப்பெட்டி. ரானி ஹேசல்ஹர்ஸ்ட் இசையமைத்தார். கல்லாப்பெட்டி திறந்து மூடுகிற ஒலியையே தாளமாக வைத்து, அதன்மேல் லிஃப்டில் ஒரு பெண் குரல் எந்த மாடியில் என்ன கிடைக்கும் என்று அறிவிப்பதைப் போட்டார்கள்.

நடிகர்கள் ஏன் பாதியில் மாறினார்கள்?

ஆர்தர் ப்ரா 1978-இல் இறந்தார். அவர் இடத்தில் வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. டெப்ஸ், கோல்ட்பர்க், கிராஸ்மன், க்ளைன் என்று மூத்த விற்பனையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கிரெய்ஞ்சரின் தூக்கம் கலைந்த சிடுசிடுப்பு அவர்கள் யாரிடமும் இல்லை. நாடகப் பயணத்தோடு படப்பிடிப்பு நாள் மோதியதால் ட்ரெவர் பேனிஸ்டரும் ஏழாவது சீசனோடு விலகினார். பின்பாதி சீசன்கள் முன்பாதி அளவுக்கு இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆள் மாறியதை விட, மூத்தவர், நடுவில் இருப்பவர், இளையவர் என்கிற அந்தப் படிக்கட்டு குலைந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெண்டி ரிச்சர்ட் கடைசிவரை இருந்தார். 1985 பிப்ரவரியில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்ற தொடர் தொடங்கியபோது அதில் பாலின் ஃபவுலர் என்ற சோர்ந்துபோன தாயாக வந்தார். ஏப்ரல் 1-இல் இந்தத் தொடர் முடிந்தது. சில வாரங்களுக்கு அவர் இரண்டு விதமாகவும் மக்களுக்குத் தெரிந்தார்.

இப்படிப்பட்ட கடைகள் நிஜமாகவே இருந்தனவா?

இருந்தன. தொடர் வந்த காலத்திலேயே அவை பழசாகிக்கொண்டிருந்தன. சாமானை நாமே எடுத்துப் பார்க்கிற கடைகள் பெருகின. வாடிக்கையாளர் எதையும் தொடாமல் ஊழியர் எடுத்துக் காட்டுகிற முறை தேய்ந்தது. கிரேஸ் பிரதர்ஸில் வியாபாரமே நடக்காதது போலத் தெரிவது அதனால்தான். 1970களின் வேலைநிறுத்தங்களும் கதைக்குள் வருகின்றன. சிம்ப்சன்ஸ் 1999-இல் மூடியது, இப்போது அந்தக் கட்டடத்தில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை இருக்கிறது. பிஎச்எஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் 2016-இல் போனது, டெபன்ஹாம்ஸ் கடைகள் 2021-இல் மூடின.

இன்று பார்க்கும்போது நெருடுகிற இடங்கள் உண்டா?

உண்டு. முதலாளியைச் சுற்றி வருகிற இளம் நர்ஸுகளும் செக்ரட்டரிகளும் உடம்பைக் காட்டுவதற்கு மட்டுமே எழுதப்பட்டவர்கள். அயல்நாட்டு வாடிக்கையாளர்களைக் காட்டுகிற விதம் பல இடங்களில் மட்டமானது. 1981 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடான ‘ரூட்ஸ்’ இறுதியில் நடிகர்கள் முகத்தில் கறுப்பு பூசி ஆடுகிறார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த எபிசோடைத் தவிர்த்துவிடுங்கள்.

திரைப்படம், தொடர்ச்சி, வெளிநாட்டுப் பதிப்பு என்று வேறு என்ன வந்திருக்கிறது?

1977-இல் ஒரு திரைப்படம். கடைக்காரர்கள் எல்லாரும் கோஸ்டா ப்ளாங்கா என்ற இடத்துக்குச் சுற்றுலா போகிறார்கள். கடையை விட்டு வெளியே வந்ததும் பலம் போய்விடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1980-81-இல் இன்மனையே ஹம்ஃப்ரீஸாக வைத்து ஒரு பதிப்பு எடுத்தார்கள். அமெரிக்காவில் 1979-இல் ஒரே ஒரு மாதிரி எபிசோடோடு முயற்சி நின்றது, ஆனால் அசல் தொடர் பின்னாளில் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் வழியாக அங்கே பெரிய ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. 1992-93-இல் ‘கிரேஸ் அண்ட் ஃபேவர்’ வந்தது. முதலாளி இறந்துவிடுகிறார், ஊழியர்களின் பென்ஷன் பணம் முழுவதும் ஒரு கிராமத்து மாளிகையில் முடங்கியிருக்கிறது. வேறு வழியில்லாமல் அதை அவர்களே ஹோட்டலாக நடத்துகிறார்கள். 12 எபிசோடுதான், வயதான அந்த முகங்களை மறுபடி பார்ப்பதே சுகம். 2016 ஆகஸ்டில் பிபிசி புது நடிகர்களோடு ஒரே ஒரு எபிசோடு எடுத்தது. ஜேசன் வாட்கின்ஸ் ஹம்ஃப்ரீஸை நன்றாகவே செய்தார், ஆனால் அது தொடராக வளரவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் சீசனின் ‘கேம்பிங் இன்’ நல்ல தொடக்கம். போக்குவரத்து வேலைநிறுத்தம், வீடு போக முடியாமல் எல்லாரும் கடையிலேயே கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். அடுத்து மூன்றாவது சீசனில் ‘ஜெர்மன் வீக்’. ஜெர்மன் சரக்கை விற்க ஊழியர்கள் பவேரிய உடை மாட்டிக்கொண்டு நிற்பதும், மிஸஸ் ஸ்லோகோமுக்குப் போதை ஏறுவதும் நினைத்து நினைத்துச் சிரிக்கலாம். ‘அப் கேப்டன் பீகாக்’ பதவி மோகத்துக்கு, ‘எ சேஞ்ச் இஸ் ஆஸ் குட் ஆஸ் எ ரெஸ்ட்’ இவர்களைப் பொம்மைப் பிரிவுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு. இந்த நான்கும் பிடித்திருந்தால் முதல் ஐந்து சீசனையும் தாராளமாகப் பார்க்கலாம். வசனம் வேகமாக ஓடுவதால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மிஸஸ் ஸ்லோகோம் கோபப்படுகிற இடங்களில் மட்டும் ஒரு முறை சப்டைட்டில் இல்லாமல் கேட்டுப் பாருங்கள்.